417-இன் வால்முடி

வெர்லின் குசேராவுக்குக் கைநடுக்கம் கிடையாது. அறுபத்தெட்டு வயதிலும், குறுக்கே கிடக்கும் கன்றைத் தாயின் வயிற்றுக்குள் கைவிட்டுத் திருப்பிவிடுவார். நெப்ராஸ்காவின் இந்த மணல்மேடுகளில் அப்படி நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஒரு கிடேரியின் வாலிலிருந்து பத்து முடி பிடுங்க அவருக்கு வரவில்லை.

இறைச்சி மாடு வளர்ப்பவர்கள் இப்போது கண்ணை மட்டும் நம்புவதில்லை. வால்முடியை வேரோடு பிடுங்கி உறையில் ஒட்டி அனுப்பினால், ஆய்வுக்கூடம் மரபணுவைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. பட்டியல் மனைவி ஆர்லிஸின் பொறுப்பு. அறுபது கிடேரிகளில் முதல் இருபது பண்ணையில் தங்கும், மற்றவை ஏலத்துக்குப் போகும். மதிப்பெண் வராதவரை எதையும் லாரியில் ஏற்றுவதில்லை. எல்லாம் வெர்லினும் ஒப்புக்கொண்ட விதிதான்.

417-ஆம் எண்ணின் முடி மட்டும் இரண்டு முறை தேறவில்லை. வேர் இல்லையாம்.

417 பனிப்புயலில் தாயை இழந்தது. குசேராக்களின் துணி துவைக்கும் அறையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது. பிக்கப் வண்டியின் ஜன்னலுக்குள் தலையை விட்டு வெர்லினின் தொப்பிகளில் மூன்றைத் தின்றிருக்கிறது.

அக்டோபரில், பக்கத்துப் பண்ணையிலிருந்து நான் வேலிக்கம்பி முறுக்கும் கருவியை இரவல் கேட்கப் போயிருந்தேன். ஆர்லிஸ் கணவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இது எதுக்கு வெர்லின்?"

"மூக்குமுடி வெட்ட."

"நம்ம கல்யாணத்துக்கே நீ வெட்டலையே."

"வயசாகுதுல்ல."

"அம்பத்தொம்பது மாட்டுக்குப் பிடுங்கற கை, இவகிட்ட மட்டும் கத்தரியைத் தேடுதா?"

"அவளுக்கு வலிக்கும்."

"சூடு வெச்சப்ப வலிக்கலையாக்கும்!"

வெர்லின் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆர்லிஸே பிடுங்கினார். அடுத்த மூன்று வாரம் வெர்லின் வேலிக்குத் தேவையே இல்லாத ஆணிகளை அடித்தார்.

முடிவு வந்த காலை நான் அவர்கள் சமையலறையில் பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ஆர்லிஸின் தோளுக்குப் பின்னாலிருந்து திரை தெரிந்தது. 417, அறுபதாவது இடம்.

வெர்லின் சேற்றுப் பூட்ஸோடு வாசலிலேயே நின்றார். "லேப்காரன் என்ன சொல்றான்?"

ஆர்லிஸ் கணினியை மூடினார்.

"வேர் இல்லையாம்."

வெர்லின் பூட்ஸ் சேற்றை வாசற்படியில் தேய்த்தார். பிறகு, "உனக்குப் பிடுங்கத் தெரியல," என்றார்.

வியாழக்கிழமை லாரி 417 இல்லாமல் போனது.

குளிர்காலம் முழுக்க, தீவனக் கடையிலும் சர்ச் வாசலிலும் வெர்லினுக்கு இதே பேச்சுதான். "நாப்பது வருஷமா பண்ணையில இருக்கா. பத்து முடி பிடுங்கத் தெரியல!"

அப்போதெல்லாம் ஆர்லிஸ் என்னைத்தான் பார்ப்பார். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்குவேன்.