கை எடுத்தாச்சா

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்ட செய்தி காலையில் பட்டறைக்கு வந்தது. பயிற்சி கொடுக்கும் சார் போனைக் காதில் வைத்தபடியே ஒவ்வொரு லேத் மெஷினாக நிறுத்திக்கொண்டு வந்தார். அக்காவும் நானும் சேர்ந்து ஓட்டும் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். காய்ச்சல் என்று லீவு போட்டவர் அக்கா. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

பயிற்சி மையத்தில் அவரோடு படித்த உங்களுக்கு அவரைத் தெரியும். மில் வேலையை விட்டுவிட்டு, ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து, நம்மைப் போன்ற சின்னப் பெண்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தவர். "எம் மக ஒண்ணாங் கிளாஸ், நான் லேத்து கிளாஸ்" என்று முதல் நாளே சிரிக்க வைத்தவர். அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "இம்புட்டுச் சின்னக் கோட்ட எந்த மகராசன் போட்டான்? நீயே பாத்துச் சொல்லு தாயி" என்று என்னிடம் நீட்டுவார்.

எனக்குப் பிடிபடாதது வேறு. ஒருவர் மெஷினுக்குள் கை வைத்திருக்கும்போது, சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பவர் "கை எடுத்தாச்சா" என்று கேட்க வேண்டும். "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகே சுவிட்சைப் போடலாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டிலேயே இருந்த எனக்கு, நான் கேட்பது எனக்கே கேட்காது.

சார் ஒரு வாரம் பார்த்தார். "சத்தம் வரலேன்னா உன்னை மெஷின்ல விட முடியாதும்மா. அளவு பாக்குற மேசைக்கு மாத்திர்றேன்" என்றார். வீட்டில் அம்மாவுக்கு அதுவே நிம்மதி. எனக்கு இல்லை. இரும்பின் மேல் டூல் பட்டு, சுருள் சுருளாகச் சீவல் வருவதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வேலை வேண்டாம் என்றிருந்தது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த நாள் எங்கள் லேத்தில் பெல்ட் மாற்றினோம். மெயினை அணைத்துவிட்டு அக்கா உள்ளே கை விட்டிருந்தார். நான் கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். அக்கா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். பெல்ட் எப்போதோ மாட்டியாகிவிட்டது. கை மட்டும் வெளியே வரவில்லை.

டீ வந்தது. "யக்கா, டீ ஆறுது" என்று உங்களில் யாரோதான் கத்தினீர்கள்.

"ஆறட்டும். இவ இன்னும் கேக்கலையே."

"கேட்டேங்க்கா" என்றேன்.

"உனக்குக் கேட்டா பத்துமா? எங் கைய்யி, எனக்குல்ல கேக்கணும்."

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன், "கை எடுத்தாச்சா."

"எடுத்தாச்சு தாயி. காதுதான் போச்சு" என்றார் அக்கா. வாசலில் நின்று பார்த்த சார் உள்ளே போனார். மேசைக்கு மாற்றும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அடக்கத்துக்கு ஆத்தூர் வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். வராதவர்களுக்காக எழுதுகிறேன். ஜெபம் முடிந்து பெட்டியை மூட மூடியைத் தூக்கினார்கள். நெருக்கிக்கொண்டு நின்ற பெரியவர்களுக்கு இடையில், அக்காவின் மகள் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூடியைப் பிடித்தவர்களுக்கு அவள் கை தெரியவில்லை. அங்கே எனக்கு நம் ஆட்களைத் தவிர ஒருவரையும் தெரியாது. "நிறுத்துங்க, பிள்ளை கை இருக்கு" என்று கத்தினேன். மூடி அந்தரத்தில் நின்றது. நான் உள்ளே புகுந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"யாருப்பா இந்தப் புள்ள? இம்புட்டுச் சத்தம் போடுது" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"ஸ்டெல்லாவோட லேத்துக்காரப் புள்ள" என்றார் அக்காவின் கணவர். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அக்கா என்னை அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன்.