நாய்க்குக் கட்டிய சுவர்

சுவர் எழுப்பத் தொடங்கிய அன்று இருந்தவர்கள்: நான், பக்கத்து வீட்டு அக்கா, ஒரு கொத்தனார், அவர் கூட்டி வந்த சித்தாள் அம்மா. இல்லாதவர்கள்தான் அதிகம். என் அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் போர்வெல் தோண்டும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு சோளக்காட்டில் இருந்தார். அவர்கள் பையன் ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் இருந்தான். யாருக்காகச் சுவர் எழும்பியதோ அந்த நாய் இருந்தது. கலவை குழைக்க ஆரம்பித்ததிலிருந்து கொத்தனாரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, சுவத்துக்குக் கூலி குடுப்பீங்க. இந்தக் கச்சேரி கேக்கறதுக்குத் தனியாக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் கொத்தனார்.

"நான் தெனமும் ஓசியிலதானுங்க கேக்கறேன்" என்றேன். சித்தாள் அம்மா சிரித்தார். எங்கள் வீட்டு வாசலில் நான் சொன்ன எதற்காவது ஒருவர் சிரித்து அப்போது வெகுநாள் ஆகியிருந்தது.

புதுச்சத்திரத்தில் இறங்கி உள்ளே போகிற சாலையில் எங்கள் வீடு. பக்கத்தில் அக்காவின் வீடு. அதற்கு அப்புறம் ஒரு பருத்திக்காடு, பிறகு பண்ணைகள். அப்பாவும் அம்மாவும் முட்டைக்கோழிப் பண்ணையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்கள். கோழிக்குத் தீவனம் போடவும் முட்டை பொறுக்கவும் ஞாயிறு, பண்டிகை கிடையாது. நோய் ஏதும் வந்துவிடக் கூடாது என்று ஆட்கள் வெளியே போய் வருவதையும் பண்ணைக்காரர் விரும்பமாட்டார். அங்கே ஒரே அறை. அதில் உட்கார்ந்து நான் படிக்க முடியாது என்று அம்மாதான் என்னை வீட்டில் இருக்கச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, அரசு வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தேன்.

அப்பா கோபக்காரர் அல்ல. ஒரு நாள் நான் பண்ணைக்குப் போயிருந்தபோது, முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இந்த ஒரு தடவை பாத்துக்க சாமி. இல்லீன்னா பக்கத்தூட்டு அண்ணங்கூட ரிக்குக்குப் போயிரு. அவரு எடம் வெச்சிருக்கறேன்னு சொல்றாரு." அவ்வளவுதான். மூன்றாவது முறையும் தேர்வு தவறினால் நான் படித்தது எதுவும் எனக்கு இனி உதவாது என்பது இருவருக்கும் தெரிந்தது. ரிக் வேலை கேவலமில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளைக் கட்டியது அந்த வேலைதான். ஆனால் அதற்கு என் பதினைந்து வருடப் படிப்பு தேவையில்லை.

நாய் வந்தது அந்த மாதம்தான். வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் காவலுக்கு இருக்கட்டும் என்று அக்கா யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியது. காலையில் கம்பெனி வேன் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போகும். தையல் மெஷினில் வேலை. சாயங்காலம் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பி வருவார். அதுவரை நாய், கம்பத்தில் சங்கிலியோடு நிற்கும். கம்பத்துக்கும் என் அறை ஜன்னலுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்றுதான் இருந்தது.

முட்டை வேன் போனால் குரைக்கும். சிலிண்டர் வண்டிக்குக் குரைக்கும். பருத்திக்காட்டில் மயில் இறங்கினால் குரைக்கும். ஒன்றுமே வராதபோதும் குரைக்கும். அதுதான் என்னைக் கொன்றது. எதுவுமில்லாத வெயிலில், என் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, விட்டுவிட்டு, சலிப்பே இல்லாமல். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் நிறுத்தும். உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால் தொடங்கும். என்மேல் அதற்கு ஏதோ தனிப்பட்ட பகை என்றே நம்பினேன்.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிஸ்கட் போட்டேன். தின்றுவிட்டு, அடுத்தது எங்கே என்று குரைத்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்குப் போனேன். சங்ககிரி லாரிகள் ஒவ்வொன்றும் என் தலைக்குள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. அதோடு தெரிந்தவர்கள் யாராவது வந்து, "இன்னும் படிச்சுட்டேதான் இருக்கறியா?" என்று கேட்பார்கள். அதற்கு நாயே மேல்.

ஒரு சாயங்காலம் அக்கா வேனிலிருந்து இறங்கியதும் போய் நின்றேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாயி பகலெல்லாம் ஒரே கத்தலுங்க. படிக்க முடியல."

அவர் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "நாயின்னா கொலைக்கத்தானே செய்யும் தம்பி? கொலைக்காத நாயி வேணும்னா பொம்மைக் கடையிலதான் வாங்கோணும்."

"அது திருடனுக்குக் கொலைச்சாப் பரவாயில்லீங்க. என்னயப் பாத்துக் கொலைக்குதுங்க."

"உங்களப் பாத்தா அதுக்கு என்ன தோணுதோ" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, சங்கிலியில் சிக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. என் புகாரைப் பொய்யாக்குவதற்கென்றே அப்படி நிற்பதாகப் பட்டது.

பிறகு நான் படித்தவன் மாதிரி யோசித்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். என் ஜன்னலைப் பார்த்தே குரைக்கிறது. நான் கண்ணில் பட்டால் குரைக்கிறது. ஆக, பார்வையை மறைத்தால் குரைப்பு நிற்கும். இடுப்பளவுச் சுவரைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால் போதும். அக்காவிடம் சொன்னேன். பொதுச்சுவர் என்பதால் பாதிப் பாதிதான் முறை. அவர் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே அண்ணன் கத்தினார்.

"என்ன தம்பி! நாயிச் சத்தத்துக்குச் சுவரா? நாங்க இங்க ரிக்குக்குக் கீழயே பாயப் போட்டுத் தூங்கறோம்!"

"பரீச்ச வருதுங்கண்ணா."

"பேசாம வண்டியேறி இங்க வந்துருங்க. ரெண்டே மாசத்துல காது போயிரும். அப்பறம் எந்த நாயி கொலைச்சா என்ன?"

அக்கா, "சும்மா இருங்க, பையன் பாவம்" என்றார். "செரி, கட்டுங்க. ஈசான மூலைய மட்டும் ஒசத்தீராதீங்க, வாஸ்து கெட்டுப்போயிரும்" என்றார் அண்ணன்.

எங்கள் பங்குக்கு அம்மா பணம் அனுப்பினாள். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ படி சாமி, சுவரென்ன சுவரு" என்றாள். அதைக் கேட்டபோது மனசு நன்றாக இல்லை.

ஹாலோபிளாக் கல் வந்து இறங்கியது. இரண்டு நாளில் சுவர் ஏறிவிட்டது. மூலையை மட்டும் வாஸ்துப்படி பழைய உயரத்திலேயே விட்டார்கள். அந்த மூலை நாய்க்கும் எனக்கும் எட்டாத தூரத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் இப்போது சிமெண்ட் நிறம்தான். நிம்மதியாகப் புத்தகத்தை விரித்தேன்.

நாய் ஊளையிட ஆரம்பித்தது.

முன்பாவது இடைவெளி விட்டுக் குரைக்கும். இப்போது நீளமாக, முடிவில் உடைந்துபோகிற ஒரு குரல். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லைச் சுரண்டுகிற சத்தம் வேறு. அக்காவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சுவர் கேட்டவனே நான்தானே. என்னைக் கவனிக்க யாருமில்லாததால் என் சாப்பாட்டு நேரம் தவறியது. மத்தியானம் மூன்றுக்கு நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு நின்றபடியே தின்பேன். யாரிடமும் பேசாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கடைக்காரரிடம் "பாலு" என்று கேட்கும்போதுதான் தொண்டை கரகரவென்று இருப்பது தெரியும். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ரிக் வண்டியின் இரைச்சல் கனவில் வர ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், நாயின் சத்தத்தை அமுக்குவதற்காகவே, உரக்கப் படித்தேன். வைட்டமின் குறைபாட்டு நோய்கள். மாலைக்கண் நோய், பெரிபெரி, ஸ்கர்வி. ஏறக்குறையக் கத்தினேன். இரண்டு பக்கம் போன பிறகுதான் கவனித்தேன். நாய் அடங்கியிருந்தது. செத்துக்கித்துப் போய்விட்டதோ என்று படிப்பதை நிறுத்தினேன். சற்றுப் பொறுத்து ஒரு குரைப்பு. ஒன்றே ஒன்று. மறுபடி படித்தேன். அமைதி. நிறுத்தினேன். குரைப்பு.

அந்த ஒற்றைக் குரைப்பு எனக்குத் தெரிந்த குரல்தான். சின்ன வயதில் நான் படிக்க உட்கார்ந்தால் அம்மா அடுப்படியில் இருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. படிப்பு என்றால் அவளுக்குக் காதில் விழ வேண்டும். நான் மனசுக்குள் படித்தால் தூங்கிவிட்டேன் என்று நினைப்பாள். அடுப்படியிலிருந்து ஒரு அதட்டல் வரும்: "என்ன, சத்தத்தையே காணோம்?" நான் உடனே எடுத்த இடத்திலிருந்து உரக்கத் தொடங்குவேன். எங்கள் வீட்டில் படிப்பு அப்படித்தான் நடந்தது. கல்லூரி விடுதியில் அப்படிப் படித்ததற்கு அறை நண்பர்கள், "ஒண்ணாப்பு வாத்தியார் வந்துட்டாருடா" என்று கிண்டலடித்தார்கள். அன்றோடு வாயை மூடிப் படிக்கப் பழகினேன். பழகியதைப் பெருமையாகவும் நினைத்தேன்.

நாய் நாள் முழுக்கச் சங்கிலியில் நின்றுகொண்டு ஒரு ஜன்னலைப் பார்த்திருக்கிறது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறான், சத்தத்தைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. கண்ணுக்காவது தெரிந்துகொண்டிருந்த அந்த ஆளையும் நான் சுவர் வைத்து மறைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து உரக்கவே படித்தேன். ஊராட்சி மன்றத்தின் கடமைகள், சிந்து சமவெளி, மண் வகைகள், எல்லாவற்றையும். முதலில் நாய்க்காக. பிறகு எனக்கே, வீட்டில் யாரோ இருப்பதுபோல இருந்தது. உரக்கப் படித்தது மறக்கவும் இல்லை.

அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்கு வைட்டமின் பாடம் நடத்துனீங்களாக்கும்! என்ற பையன் ஆஸ்டல்ல படிக்கறது எனக்குக் காதுல உழுகறதில்ல. நாயாச்சும் கேட்டுக்கட்டும்." சிரித்து முடித்ததும் சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "நானும் ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் மொதல்ல டிவியத்தான் போடுவேன் தம்பி. பாக்கறதுக்கில்ல. சும்மா யாராச்சும் பேசட்டும்னு."

பிறகு அவரேதான் சொன்னார், "அந்தச் சுவத்துல ஒரு சன்னல் மாதிரி ஒடச்சு உட்டுட்டா என்னங்க?"

அதே கொத்தனார்தான் வந்தார். சித்தாள் அம்மா வரவில்லை. "கட்டறதுக்கும் நானு, ஓட்ட போடறதுக்கும் நானு. உங்கள மாதிரி ரெண்டு ஊடு இருந்தாப் போதுமுங்க, எம்பொழப்பு ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டே, ஜன்னலுக்கு நேராக நாய் நிற்கிற உயரத்தில் மூன்று கல்லைப் பெயர்த்து, ஓரத்தைப் பூசிவிட்டார். அவர் உளியை எடுத்து முடிப்பதற்குள் மடங்கிய காதோடு ஒரு முகம் அந்த ஓட்டையை நிறைத்துக்கொண்டது. குரைக்கவில்லை.

தேர்வு எழுதினேன். தேறினேன். அப்பா பண்ணையிலிருந்து போனில், "அப்ப ரிக்கு வேண்டாம்னு அண்ணங்கிட்டச் சொல்லீரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். இப்போது வாழப்பாடியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாடியில் ஓர் அறை. நான் வாயைத் திறந்து 'ங்க' போட்டதுமே, "நீங்க நாமக்கல் பக்கமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆறு மணிக்கு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தெருவில் நாய் உண்டு. ஆனால் அது யாரையும் பார்த்துக் குரைப்பதில்லை. சில நாள் செய்தித்தாளை உரக்கப் படித்துப் பார்ப்பேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஆளில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு பூட்டியே கிடந்தது. பூட்டைத் திறக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா சாயங்காலம் வந்து சொன்னார்: "நீங்க போனதுலருந்து பகலெல்லாம் அந்த ஓட்டையிலயே மூஞ்சிய வெச்சுட்டு நிக்குது. ஆளில்லாத ஊட்டுக்கு ஓட்ட எதுக்கு, பாம்பு கீம்பு பூந்துறப்போகுது, அடைச்சுரலாம்ங்கறாரு எங்கூட்டுக்காரரு. என்னங்க தம்பி பண்ணலாம்?"

"இருக்கட்டுமுங்கக்கா" என்றேன். "அடைச்சா அது வேற ஒரு செலவு."

"அதுஞ்செரிதான்" என்று அவரும் விட்டுவிட்டார். வாசலில் நின்றபடியே இருவரும் கணக்குப் போட்டோம். சுவர் எழுப்ப, கல், சிமெண்ட், மணல், கூலி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்றைம்பது. மூன்று கல்லைப் பெயர்க்க, டீச்செலவோடு அறுநூறு. ஆகமொத்தம் பதின்மூன்றாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய், இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி.