பழைய ஃபில்டரில் இல்லாத வளையம்

எங்கள் வீட்டில் வேன் ஓட்டுவது என் மனைவி. நான் இல்லை. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒருமுறை ஸ்டியரிங் பிடிக்கப் பழகப்போய், முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு மதிலைப் பெயர்த்ததோடு எனக்கு அந்த ஆசை விட்டுப்போயிற்று. மொபெட் வரைக்கும்தான் என் ஓட்டம். ஆனால் வேனின் இன்ஜின் என் பொறுப்பு. மில் மூடும்வரை அங்கே இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். இதை நாளுக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று அவள் கேலி செய்வாள்.

வேன் பழையது. டீசல். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வாசலில் நின்று வெயில் காயும். அப்படியிருக்கும்போதுதான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கனகசெட்டிக்குளத்திலும் காலாப்பட்டிலும் இருக்கிற பெண்களை மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்குத் தினமும் கொண்டுவந்து விட வேண்டும். வண்டி ஓட்டுவதும் பெண் என்பதால் அந்தப் பெண்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. சூப்பர்வைசர் மட்டும் கறாராகப் பேசினார். ஒன்று ஐம்பதுக்குள் வண்டி கேட்டுக்குள் வந்துவிட வேண்டும், முதல் நாளே தாமதம் என்றால் இன்னொரு வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்றார். மில் மூடிய பிறகு எங்கள் வீட்டுக்கு நிரந்தரமாக ஒன்று வரப்போனது அதுதான் முதல் தடவை. அவள் முதல் நாளுக்கென்று ஒரு புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள்.

வேலை தொடங்கும் அன்றைக்குக் காலையிலேயே இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்றாள். அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒரு டப்பாவைக் கழற்றி இன்னொரு டப்பாவை மாட்ட எனக்கு மெக்கானிக் வேண்டுமா?

ஆயிலை வடித்துவிட்டு, பழைய ஃபில்டரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனேன். அங்கே உதிரிபாகக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தது கடைக்காரரின் மகள். இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியின் பெயரையும் வருஷத்தையும் கேட்டுக்கொண்டு, மூன்று டப்பாக்களை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

கடைக்காரர் யார் எதைச் சொன்னாலும் என் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அது என் குணம். மூன்றையும் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கையில் வைத்து எடை பார்த்தேன். விலை குறைந்தது காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. உள்ளே காகித மடிப்பு குறைவாக இருக்கும் என்று ஓரமாகத் தள்ளினேன். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் விரலை விட்டு மரையைத் தடவிப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் மடல் இருக்கும். அதைத் தீக்குச்சியால் அழுத்தி, விட்டதும் திரும்புகிறதா என்று பார்த்தேன். இரண்டாவதில் மடல் மொறமொறவென்று இருந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதன் அட்டைப்பெட்டியில் எழுத்து சரியாக அச்சாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போலிச் சரக்கு நிறைய வருகிறதாமே என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் கடையில் வராது என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். நான் அசரவில்லை. பழையதையும் புதியதையும் வாய் மேலே தெரியும்படி பக்கத்துப் பக்கத்தில் வைத்து விட்டத்தை ஒப்பிட்டேன். அப்போதுதான் அவள் பழையதைப் பார்த்துச் சொன்னாள்.

"பழசுல ரப்பர் ரிங் இல்லையே, அண்ணே."

ஃபில்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில், ஆயில் கசியாமலிருக்க, வாயைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரி கேட்டது.

"புதுசோட ரிங்கு வருதுல்ல? அதையும் தனியா விக்கப் பாக்குறியாம்மா?" என்றேன்.

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்தவரிடம் திரும்பிக்கொண்டாள். ஒரு கடையை மடக்கிவிட்ட திருப்தியோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

புதிய வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கி மாட்டினேன். ஆயில் ஊற்றினேன். என் மனைவி வண்டியைக் கிளப்பினாள். தரையில் படுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது, இஸ்திரி போட்ட புடவையில் அவள் கிளம்பினாள். பயப்படாமல் போ என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

பிறகு சாவகாசமாக இடத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து மிச்ச ஆயிலை வடித்து, அதன் வாயைத் துணியால் துடைத்தேன். துணி ஒரு பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. வளையம் இருக்க வேண்டிய பள்ளம் அது.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கழற்றும்போது விழுந்திருக்கும் என்று ஆயில் வடித்த சட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன். இல்லை. பிளாஸ்டிக் பையை உதறினேன். தரையில் மண்டியிட்டுத் தேடினேன். எங்கும் இல்லை என்றால் அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே நான் புதியதை மாட்டியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் சும்மா நிற்கும் வண்டியில் பிடிக்கும். வேகம் எடுத்து ஆயிலின் அழுத்தம் ஏறினால் ஒன்று பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். அதன்பின் இன்ஜினில் ஆயில் நிற்காது. ஆயில் இல்லாத இன்ஜின் சில நிமிடங்களில் இறுகிவிடும். அவளுடைய வேலை, எங்கள் வண்டி இரண்டும் அதோடு போயிற்று. ஈசிஆர் சாலையில் பெண்களை வைத்துக்கொண்டு போகும்போது அது இறுகினால் என்ன ஆகும்?

போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் செய்தேன். அவள் எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, டப்பாவுக்குள் போட்டு மூடிவிட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்தான். அவள் என் சொல்லை மீறாததற்காக அன்றைக்கு எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

ஃபில்டர் கழற்றும் பட்டையையும் துணியையும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். வழியில் ஒரு கேன் ஆயில் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். சிக்னலில் சிவப்பு விழுந்த ஒவ்வொரு தடவையும் போன் செய்தேன். கோட்டக்குப்பம் தாண்டும்வரை தலை நிமிரவில்லை. தார்ச்சாலையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லாதபோது, ஒருவேளை பிடித்துவிட்டதோ என்று ஒரு சின்ன ஆறுதல். பொம்மையார்பாளையத்துக்கு அப்புறம் முதல் சொட்டு தெரிந்தது. எந்த வண்டியுடையதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபதடி தள்ளி இன்னொன்று. பிறகு பத்தடிக்கு ஒன்று. காலாப்பட்டு வரும்போது எதிர்ப்பக்கத்துச் சாலையில், அவள் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் பக்கத்தில், அது கோடாகவே கிடந்தது.

கோடு முடிந்த இடத்தில், ஒரு புங்கமரத்தடியில், எங்கள் வேன் நின்றது. பதினோரு பெண்கள் கையில் சாப்பாட்டுப் பையோடு நிழலில் நின்றிருந்தார்கள். என் மனைவி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையின் கீழ்ப்பகுதி முழுக்கக் கறுப்பு.

என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "இப்பதான் ஆயில் லைட்டு செகப்பா எரிஞ்சுதுங்க. ஒடனே ஆஃப் பண்ணிட்டேன். தப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன். நானாக இருந்தால் கம்பெனி வரைக்கும் போய்விடலாம் என்று அடித்து ஓட்டியிருப்பேன், இன்ஜினையும் கொன்றிருப்பேன்.

மணி ஒன்று ஆகப்போகிறது. அடியில் நுழைந்து ஃபில்டரைக் கழற்றினேன். கொதித்தது, இரண்டு விரல் சுட்டுக்கொண்டேன். அங்கே பழைய வளையம் கறுத்துப்போய், பாதி பிதுங்கி, இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். புதியது நசுங்கியிருந்தது, நல்லவேளை, கிழியவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன்.

வெளியே ஒரு பெண், கடைக்காரன் டூப்ளிகேட்டைக் கொடுத்து ஏமாற்றியிருப்பான் என்று சொல்வது கேட்டது. என் மனைவி அதற்கு, அப்படித்தான் இருக்கும், இல்லையென்றால் இவர் கையில் தப்பு வராதே என்றாள். நான் அடியிலேயே படுத்திருந்தேன். வளையம் என் உள்ளங்கையில் இருந்தது. வெளியே வந்து அதைக் காட்டியிருக்கலாம். பதினோரு பெண்கள் நின்றிருந்தார்கள். வளையத்தைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வாங்கி வந்த ஆயிலை ஊற்றினேன்.

மொபெட்டை ஒரு டீக்கடை ஓரம் விட்டுவிட்டு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். எரியவில்லை. கேட்டை அடைந்தபோது ஒன்று ஐம்பத்து நான்கு.

சூப்பர்வைசர் வெளியே நின்றிருந்தார். கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் எங்களுக்காகப் பேசப் போனார்கள்; அவர்களை உள்ளே போகச் சொன்னார். என் மனைவி அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு மில்லுல ஃபிட்டரு சார். அவரு மாட்னா மாட்னதுதான். கடையில தப்பான சாமானக் குடுத்துட்டாங்க. இனிமே ஆகாது."

நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் அவள் குழம்பு வைத்துக்கொண்டே, காலையில் முதல் வேலையாக அந்தக் கடைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அந்தப் பெண்ணை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்கப்போவதாகச் சொன்னாள். பாக்கெட்டில் என்ன கறை என்றும் கேட்டாள். ஸ்பேனர் வைத்திருந்தேன் என்றேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் அலைந்ததால் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் எத்தனை நிற்கின்றன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை கடைக்கு எதிரே வேனை நிறுத்தினாள். இறங்குவதற்குக் கதவில் கை வைத்தாள். உள்ளே அந்தப் பெண் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் வளையத்தை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதையும், அதற்கு நான் கேட்டதையும்கூடச் சொன்னேன். என் மனைவி வளையத்தை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து கேட்டுல அந்த ஆளாண்ட நான் உங்களப் பத்திச் சொன்னப்ப, இது உங்க பாக்கெட்லதான் இருந்துதா?"

"இருந்துது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கீழே இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க" என்றாள்.

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் துணியைக் கீழே வைத்தாள். என் மனைவி வளையத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நேற்றைக்குச் சொன்ன அதே குரலில் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மில்லுல ஃபிட்டரும்மா. உன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அப்புறம் அவள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். அந்த மூன்று பேரும் கேட்கும்படி நான் சொன்னேன்.