மீட்டர் என்று எழுத வைத்த ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் தம்பி சகாயம் முட்டத்திலிருந்து போன் செய்தார். "அக்கா போயிட்டா மக்கா..."

எங்களுடையது, கடலில் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்லும் ஒரு இலவச ஆப். ஓபன் சோர்ஸ். சம்பளம் கிடையாது, நேரம் கிடைக்கும்போது நாங்கள் ஆறேழு பேர் பார்த்துக்கொள்கிறோம். நான் டெவலப்பர். அதன் வெப்சைட்டையும் உதவிப் பக்கங்களையும் கவனித்தது அக்கா.

குவைத்தில் பதினெட்டு வருடம் நர்ஸ். ஊருக்குத் திரும்பியதும் எங்களுக்கு ஒரு மெயில் போட்டார். எங்கள் சைட்டின் ஒரே பக்கத்தில் பதினொரு தப்பு, வரிசை நம்பர் போட்டு!

"நீங்களே திருத்துங்களேன்" என்று கடுப்பில் பதில் போட்டேன். மறுநாள், "பாஸ்வேர்டு எங்க மக்கா?" என்று கேட்டு மெயில்.

அப்படித்தான் வந்தார்.

ஒருமுறை என் அவசர அப்டேட்டில் சைட் முழுக்க வெறும் வெள்ளையாகிவிட்டது. குரூப்பில் அக்கா ஸ்க்ரீன்ஷாட் போட்டார். "சைட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு போல. கல்யாணம் எப்ப மக்களே?"

ஒருமுறை மட்டும் நிஜமாகவே திட்டினார்.

'அலை 3க்கு மேல் இருந்தால் கவனம் தேவை' என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். எதையும் வெளியிடும் முன் சகாயத்திடம் வாசிக்கக் கொடுப்பது அக்காவின் வழக்கம். சகாயத்துக்குச் சொந்தமாக மீன்பிடி வள்ளம் உண்டு.

உடனே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சகாயம் என்ன சொல்லுகான் தெரியுமா? மூணு அடிதானே, வள்ளத்த இறக்கலாம்ங்கான். இது அடியாலே?"

"இல்லக்கா... மீட்டர்."

மூன்று மீட்டர். கிட்டத்தட்ட பத்து அடி.

"எத்தன மில்லின்னு எழுதாத சீட்டப் பாத்து நான் யாருக்கும் ஊசி போட்டதில்ல, கேட்டியா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்க பொண்டாட்டிகிட்ட நீ வந்து பதில் சொல்லுவியா?"

அப்போதே '3 மீட்டர்' என்று திருத்தினேன். அக்கா விடவில்லை.

"அதென்ன கவனம் தேவை? கடலுக்குப் போவாண்டாம்னு எழுதுலே."

எழுதினேன். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த ஆடியில் சகாயமே கூப்பிட்டுச் சண்டை போட்டார். "வெயில் சுள்ளுன்னு அடிக்கு, ஒங்க சைட்டு போவாண்டாம்ங்குது!" ஆனாலும் போகவில்லை. மத்தியானம் கடல் கொந்தளித்தது. சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரே வரி மெசேஜ். "வீட்டுல கெடந்து ஒறங்குகான்."

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கடைசி மெசேஜ். "தொடர்பு பக்கத்துல 'கொள்ளவும்' ரெண்டு தடவ வந்திருக்கு. ஒண்ணு போதும்."

நல்லா ஆகி வந்து அவரே திருத்தட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்...

இன்று திருத்திவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

நாளை மாலை நாலு மணிக்கு முட்டத்தில் அடக்கம். முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க அக்கா.