செத்தவர் களி தின்ற ஐந்தாம் ஃபாரம்

"எட்டாவது படிச்சிருக்கு, சரிங்க. ஆனா இது கொலைக்கதை அடிக்கிற அச்சாபீஸு. 'ரத்தம்'னு எழுதியிருந்தாலே மயங்கி வுழுந்துடாதா புள்ள?"

தர்மபுரியில் நான் வேலை கேட்டுப் போன முதல் நாள், அச்சாபீஸ் முதலாளி கேட்டது இது. என்னிடம் அல்ல, என் அப்பாவிடம். அப்பா இண்டூரில் ஆடு வளர்ப்பவர்; கைநாட்டு. "ஆடு அறுக்கறப்ப காலைப் புடிச்சுக்கற புள்ளதாங்க" என்றார். அந்தத் தகுதியில்தான் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதையும், வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்பதையும் யாரும் விசாரிக்கவில்லை.

"தப்பு வெளிய போச்சுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மட்டும் முதலாளி சொன்னார். வீட்டில் மாமன் மகன் காத்திருந்தான். வேலை போனால் தை மாதம் கல்யாணம் என்பது அம்மாவின் ஏற்பாடு.

1. அச்சானது அச்சானதுதான்

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். அது யுத்த காலம். காகிதமும் குறைவு, ஈய எழுத்தும் குறைவு. ஒரு ஃபாரம் அச்சானதும் அதன் எழுத்துகளைப் பிரித்துக் கேஸ் என்கிற அறைப்பெட்டியில் போட்டு, அவற்றைக் கொண்டே அடுத்ததைக் கோப்போம். நான் புரூஃபின் மூலையில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எவராலும் எதையும் மாற்ற முடியாது.

எங்கள் கதாசிரியர் பென்னாகரத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஃபாரஸ்ட் ரேஞ்சர். ஒவ்வோர் அத்தியாயமாக எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நகல் வைத்துக்கொள்ள மாட்டார். தாம் எழுதியதைத் தாமே திரும்பிப் படிப்பது கௌரவக் குறைவு என்பது அவர் கொள்கை. நானும் எழுத்தைப் படித்தேனே தவிர, கதையைப் படிக்கவில்லை. ஓர் ஒற்றுப்பிழைகூட என்னைத் தாண்டிப் போனதில்லை என்ற கர்வம் எனக்கு.

2. மோர் கேட்ட பிணம்

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூடும் கூட்டத்தில் விற்பதற்காக ஒரு துப்பறியும் நாவல் தயாராகிக்கொண்டிருந்தது. ஏழு ஃபாரம். ஐந்து அச்சாகிவிட்டன. மடித்து அடுக்கும்போதுதான் முதல் தடவையாக அவற்றைச் சேர்த்துப் படித்தேன்.

முதல் ஃபாரத்தில் மணியக்காரர் கொலையாகிறார். ஆற்றுப் பாறையில் கிடக்கும் பிணத்துக்கு முகமே இல்லை. சிவப்புத் தலைப்பாகையையும் வெள்ளி அரைஞாணையும் வைத்து அடையாளம் சொல்கிறார்கள், எரித்தும் விடுகிறார்கள். ஐந்தாம் ஃபாரத்தில் அதே மணியக்காரர் சமையற்கட்டில் உட்கார்ந்து இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு மோர் கேட்கிறார். இரண்டிலும் என் கையெழுத்து.

மறைக்க வழியில்லை. நானே போய்ச் சொன்னேன்.

முதலாளி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "செத்தவரு களி திங்கறாரா?"

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் சின்னப்பண்ணன் கேஸிலிருந்து தலை தூக்காமல், "பசிச்சா என்னங்க பண்ணுவாரு?" என்றார்.

"நீ சும்மா இருய்யா. ஏம்மா மாதம்மா, இதுக்கா உன்ன எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க? ஆடி முடியட்டும், உங்கப்பனை வரச்சொல்றேன்."

3. ஆசிரியரின் விளக்கம்

முதலாளி சொல்லியனுப்ப, மறுநாள் காலை பஸ்ஸில் ரேஞ்சர் ஐயா வந்து இறங்கினார். தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அதுவரை படிக்காத கதையைப் படிக்கிறவரின் ஆர்வம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இது பேய்ம்மா. நான் வேணும்னுதான் வெச்சேன். வெவரம் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பேயா? அப்ப அட்டையில பேய் படம் போட்டுடலாங்க. கொலையும் ஆச்சு, பேயும் ஆச்சு. ஒரே புஸ்தகம்!"

"பேய்க்கு எதுக்குங்க மோர்?" என்று கேட்டேன்.

சின்னப்பண்ணன், "வெயில் காலம்" என்றார்.

அன்று பகல் முழுவதும் அச்சான ஐந்து ஃபாரங்களையும் போலீஸ்காரர் வீட்டைச் சோதனை போடுவதுபோல வரி வரியாகத் துழாவினேன். இரண்டாம் ஃபாரத்தில் ஆள் அகப்பட்டான். மணியக்காரரின் பங்காளி ஒருவன், கொலைக்கு முந்தின நாள், பெங்களூருக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான். போனவன் போனவன்தான். ரேஞ்சர் ஐயா அவனை அடியோடு மறந்துவிட்டார்.

முகமில்லாத பிணம் ஒன்று. காணாமல் போன ஆள் ஒருவன். ஆசிரியரின் இரண்டு மறதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன.

ரேஞ்சர் ஐயா அடுத்த அத்தியாயம் தராமலே ஊர் திரும்பிவிட்டதால், மீதி இரண்டு ஃபாரங்களையும் நானே எழுதினேன்; முதலாளி படிக்காமலே கோக்க விட்டார். ஆறாவதில் முதலாளியின் ஆசைப்படி ஊரே பேயைக் கண்டு நடுங்கியது. பூசாரி வந்தார், கோழி அறுத்தார். ஏழாவதில் துப்பறிகிறவர் அந்த மோர்ச் செம்பைக் கையிலெடுத்தார். பங்காளியைக் கொன்று, தன் தலைப்பாகையையும் அரைஞாணையும் அவன் பிணத்துக்கு மாட்டிவிட்டு ஒளிந்துகொண்டவர் மணியக்காரரே என்று நிரூபித்தார்.

4. ஆடி பதினெட்டு

புத்தகம் ஒகேனக்கல்லில் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. வெற்றிலை பாக்கோடு வந்த ரேஞ்சர் ஐயா, "முதல் ஃபாரத்திலேயே நான் முடிச்சு போட்டு வெச்சிருந்தேன். எவனும் கண்டுபுடிக்கல பாத்தீங்களா?" என்றார். முதலாளி ஆமாம் என்றார். என் அப்பாவுக்கு ஆள் அனுப்பும் பேச்சு மட்டும் பிறகு எழவில்லை.

அதிலிருந்து பேய் எங்கள் அச்சாபீஸின் நிரந்தர ஊழியன். எந்த ஃபாரத்தில் கதை ஓட்டையானாலும், "பேயை உள்ள வுடும்மா" என்பார் முதலாளி. கொலையும் பேயும் கலந்து எழுதுவது புதிய உத்தி என்று மாரண்டஹள்ளி வாசகர் ஒருவர் பாராட்டிக் கடிதம் போட்டார். அதற்கு ரேஞ்சர் ஐயா நான்கு பக்கம் பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கும் நான்தான் புரூஃப் பார்த்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கையெழுத்துப் போடுகிறவளுக்கு உள்ள பலத்தையும் மறக்காதீர்கள்.

போன மாதம் ஒரு கதையை முழுதாக எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். "பேய் இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன். வழக்கம்போலப் படிக்காமல், "அப்ப கோக்கச் சொல்லு" என்றார்.

முகப்புப் பக்கம் முதல் ஃபாரத்தில்தான் வரும். அதில் 'எழுதியவர்: இண்டூர் மாதம்மாள்' என்று இருக்கிறது. புரூஃபின் மூலையில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டேன். நேற்று ஆயிரம் படியும் அச்சாகிவிட்டன. எழுத்துகளை நானே பிரித்துக் கேஸில் போட்டுவிட்டேன்.