ராஜப்பன் அத்தான் ஏணியிலிருந்து தேடிய திரை

என் அக்கா அழகம்மாளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது தொண்ணூற்றேழில். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. வலது தோளும் தளர்ந்ததால் பேனா பிடித்தால் நான்கு வரிக்கு மேல் ஓடாது. ஆனால் முன்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் விரல்கள் பறக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு தட்டச்சுக் கடையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். கடைக்காரர் புது இயந்திரங்கள் வாங்கியபோது, பச்சை எழுத்து மட்டும் காட்டும் பழைய கம்ப்யூட்டரை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

அது முதல் அவள் பேசுவது அதில்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ராஜப்பன் அத்தான், அவளுக்காகவே அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகினார். மாநகராட்சி வண்டியில் போய்த் தெருவிளக்கு பழுதுபார்ப்பது அவர் வேலை. வெள்ளிக்கிழமைகளில் நான் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டால், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்து வாசிப்பார்.

"கேளுடா. 'குபூஸும் கோழியுமா தின்னு தொப்பைய வளத்துட்டு, போட்டோவுல வயித்த எக்கிட்டு நிக்கறான்.' நான் சொல்லலை, உன் அக்காவாக்கும்."

இரண்டாயிரத்திரண்டு அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் எதையும் வாசிக்கவில்லை.

"திரை கேடாயிப் போச்சுடா. அவ சுகமா இருக்கா."

அடுத்த வாரமும் அதே பதில். நோய் திரும்பிவிட்டதோ, என்னிடம் மறைக்கிறாரோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்புகிறேன் என்றேன்.

"வேண்டாம். நானே சரியாக்கித் தரேன்" என்று வைத்துவிட்டார்.

நடந்ததை, டிசம்பரில் விடுமுறைக்குப் போனபோதுதான் சொன்னார்.

விஜயதசமிக் காலையில், பூஜைக்கு வைத்த கட்டிங் பிளேயர், டெஸ்டர் வரிசையில் மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் இட்டிருக்கிறார். மாவிலையால் தீர்த்தமும் தெளித்திருக்கிறார், சற்றுத் தாராளமாகவே. அதன் முதுகில் இருந்த காற்றுத் துளைகள் அவர் நினைவில் இல்லை. அக்கா சுவிட்ச் போட்டதும் உள்ளே நீலப்பொறி பறந்து, திரை இருண்டுவிட்டது. இருபது வருடம் மின்கம்பத்தில் ஏறிய மனிதர். அவளிடம் உண்மையைச் சொல்ல வெட்கம்.

"பழசில்லையா, வயசாயிப் போச்சு" என்றுவிட்டார்.

அக்கா தலையாட்டினாள். பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். சோறு தயார் என்றால் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு. சாப்பிடும்போது அந்த வீட்டில் மீன்முள் எடுக்கும் சத்தம்கூடக் கேட்டதாம்.

தோப்பும்படியில் பட்டறை வைத்திருக்கும் சஜி, மானிட்டரைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"கருகின மணத்தோட சந்தன மணமும் வருதே, சேட்டா?"

"மழை வெள்ளம் உள்ளே கேறியிருக்கும்."

"சந்தன மழையா பெஞ்சது?"

படக்குழாய்க்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் ஈ.எச்.டி. என்ற கட்டை வெடித்திருந்தது. அதைச் செய்த கம்பெனியையே பூட்டிவிட்டார்கள், புதுசு வராது என்றான் சஜி. "இதே மாடல் வேற ஒண்ணு கிட்டினா அதுலேந்து எடுத்து மாட்டித் தரேன்."

அத்தான் அந்தக் கட்டையைச் சோற்றுப்பையில் போட்டுக்கொண்டு எர்ணாகுளத்துக் கடைகளில் ஏறி இறங்கினார். மட்டாஞ்சேரிப் பழைய சாமான் கடைகளில் மானிட்டர்கள் குவிந்து கிடந்தன. ஆனால் செம்புக்காக உள்ளே இருந்ததை எல்லாம் முதலிலேயே பிடுங்கியிருந்தார்கள்.

அதன்பிறகு ஏணியிலிருந்து தேட ஆரம்பித்தார். பஜார் ரோட்டுக் கம்பத்தில் ஏறினால், கிடங்குகளின் மாடி அலுவலகங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். பல்பைத் திருகிக்கொண்டே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அஜீஷுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, பல்பு எரிஞ்சு அரைமணி நேரமாச்சு. அங்க எந்தப் பொண்ணப் பாக்கறீங்க?"

"மிண்டாம இருடா, வாய மூடு. கண்டாச்சு!"

சுக்கு வியாபாரி கல்யாணராமனின் மாடியில், சாம்பிள் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு அதே மாடல் மானிட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அத்தான் இறங்கிய வேகத்தில் மாடிப்படி ஏறி, அதைக் கேட்டார்.

"அது ஆசையா வாங்கினதுய்யா. கெடக்கட்டும்னு வெச்சிருக்கேன். குடுக்கறதுக்கில்லே" என்றார் கல்யாணராமன்.

"முதலாளி, என் வீட்டுக்காரிக்குக் குரல் இல்லே. அவ பேசறது இதுல அடிச்சுத்தான். நானாக்கும் அதக் கெடுத்தது. பூஜைக்குத் தீர்த்தம் தெளிச்சேன்."

பதினாறு நாளில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"எலக்ட்ரீஷியன்தானே நீ?"

"ஆமா, முதலாளி."

"எலக்ட்ரீஷியனா இருந்துண்டு கரண்டு சாமானுக்குத் தீர்த்தம் தெளிச்சியா!" கல்யாணராமன் இருமும்வரை சிரித்தார். பிறகு எழுந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தானே இறக்கினார். "இதுக்கு நானும் வருஷாவருஷம் தெளிச்சிருக்கேன்யா. தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான். எடுத்துண்டு போ. அந்தம்மா பேசட்டும்."

அதன் படக்குழாய் மங்கியிருந்ததால், சஜி அன்று மாலையே கட்டையை மட்டும் எடுத்து அக்காவின் மானிட்டரில் மாட்டிக் கொடுத்தான். மறுநாள் காலையில் அத்தான் வயரை மாட்டினார். திரையின் மூலையில் பச்சைக் கோடு ஒன்று துடித்தது. அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, மேசையில் கைகளை ஊன்றினாள். அவள் ஓர் எழுத்தை அடிக்கும் முன், பின்னால் நின்றபடி அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தெளித்தது, மறைத்தது, சஜியிடம் சொன்ன மழை வரைக்கும்.

அக்கா திரும்பி அவரையே பார்த்தாள். பிறகு அடிக்க ஆரம்பித்தாள். முதலில் திட்டு. மின்சாரத்தோடு விளையாடியதற்கு ஒன்று, பொய்க்கு ஒன்று. அப்புறம் பக்கத்து வீட்டு விசேஷம், மீன்காரி சொன்ன கதை, எனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி. திரை நிறைந்து மேலே நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் வேகத்தில் பாதி புரியாமல், ஆனால் ஒரு வரி விடாமல், அத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே அஜீஷ் வண்டி ஹாரனை அடித்தான். அத்தான் சோற்றுப்பையை எடுத்தார்.

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல" என்று திரையில் வந்தது.

அத்தான் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"நீ போயிக்கோ அஜீஷே. வீட்டுல பேசிட்டிருக்கா."