முச்சனேத்தாவின் மூக்கு

கரீபா ஏரிக்கரைச் சந்தையில் கபென்டா கருவாடு விற்ற முச்சனேத்தாவுக்கு வாசனையே தெரியாது. வருடக்கணக்காக மூக்கு அடைத்தே கிடந்தது. கருவாட்டுக்காரிக்கு இதைவிட வரம் உண்டா என்று சந்தையே சிரித்தது. வரமாம்! தலைபாரம், கன்னத்தில் குத்தல், வாயைப் பிளந்துகொண்டு தூக்கம். சட்ஸாக் களியைத் தின்றாலும் கறியைத் தின்றாலும் ஒரே சக்கைதான்.

புருஷன் சிங்கிராய் ரொட்டிச் சூளையில் வேலை பார்த்தான். "நான் ரொட்டி, நீ கருவாடு. ஜோடிப் பொருத்தம் எப்படி?" என்று சீண்டுவான்.

ஆவி பிடித்தாள், உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினாள், மருந்து அடித்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஹராரே டாக்டர் மாத்திரை கொடுத்த அந்த ஒரு வாரம் மட்டும் மூக்கு திறந்தது. வேலை விட்டு வந்த சிங்கிராயின் கழுத்தில் முகம் புதைத்து நின்றாள். புளித்த மாவு, கருகிய ஓரம், வேர்வை.

"என்னடி, என்னையே தின்னுருவ போலிருக்கே?"

"பேசாம நில்லுய்யா."

மாத்திரை தீர்ந்ததும் மூக்கு பழையபடி அடைத்துக்கொண்டது. மூக்குக்குள் பலூன் விட்டு வழியை அகலமாக்கலாம், ஆனால் உள்ளே திராட்சைக் கொத்தாகச் சதை வளர்ந்திருக்கும் உனக்கு அது போதாது என்றார் டாக்டர். மூக்குத் துவாரம் வழியாகவே கேமரா விட்டு, சதையை எடுத்து, அடைபட்ட எலும்பறைகளைத் திறக்க வேண்டும். முகத்தில் வெட்டு விழாது. சதை திரும்ப வளரவும் கூடும். கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி என்றதுமே இவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று வந்துவிட்டாள். அடுத்த வருடம் வந்தது. மலேரியா சிங்கிராயைக் கொண்டுபோனது.

செத்தவர் துணிகளைப் பாயில் குவித்து, அவருடைய அக்காள் மகன் உறவுக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒன்றை ஒளித்தாலும் ஆவி வீட்டைவிட்டுப் போகாது என்பார்கள். போகாமல் இருக்கட்டுமே என்றுதான் முச்சனேத்தா நினைத்தாள். உறவுக்காரர்கள் முற்றத்தில் ஏறும்போதே துவைக்காத வெள்ளை வேலைச் சட்டையைச் சுருட்டி, சரக்குப் பீப்பாயின் அடியில் திணித்து மூடினாள். அதற்குள் எவன் கை விடுவான்?

"அத்தே, மாமாவோட வெள்ளைச் சட்டை எங்க?" என்றான் மருமகன் தவோனா.

"சூளையிலேயே விட்டுட்டாரு போல."

அதன்பிறகு அவளுக்குக் கத்தி பயமில்லை. சட்டை காத்திருந்தது. நாத்தனார் மைதேயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஹராரே போய் அறுவை செய்துகொண்டாள். திரும்பி வந்து வாரக்கணக்கில் ரத்தப் பொருக்கும் உப்புத்தண்ணீருமாகக் கிடந்தாள். ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு விறகுப்புகை மூக்கில் ஏறியது. அழுகை பொங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பீப்பாயைத் திறந்தாள்.

முகத்தில் அறைந்தது நாற்றம். கருவாட்டை வாரி இறைத்துச் சட்டையை உருவினாள். கழுத்தில் முகர்ந்தாள், அக்குளில் முகர்ந்தாள், பையைப் புரட்டி முகர்ந்தாள். கபென்டா. எங்கும் கபென்டாதான். மூக்குள்ள எவளைக் கேட்டிருந்தாலும், அதற்குள்ளா வைப்பார்கள் என்று தலையில் குட்டியிருப்பாள். யாரிடம் கேட்பது? ஒளித்ததாயிற்றே.

மைதேய் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, வாசனை தெரியுதா?"

"தெரியுது" என்றாள் முச்சனேத்தா.